ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை

(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றில், எஸ்.பி.எம். தேர்வெழுதி முடித்த மாணவர்களும் அவர்தம் பெற்றோரும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பாட்டாளிப் பெருமக்களே, தாய்மார்களே, பள்ளிப் படிப்பை முடித்து வெளிவந்திருக்கும் இளைஞர்களே!



இம்மண்டபத்தினுள் நுழையும் முன் வாயிலில் நாம் ஒரு காட்சியைக் கண்டோம். செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை அணிந்து நின்றிருந்த தந்தை ஒருவர், நெகிழி உறையிலிட்ட தாள் ஒன்றைத் தம் பக்கத்தில் நின்றவரிடம் காட்டிக் கொண்டிருந்தார். அது அவருடைய மகளின் தேர்வு முடிவுத் தாள். மலாய்மொழியில் அச்சிடப்பட்டிருந்த அத்தாளை அவரால் வாசிக்க இயலாது. ஆயினும் எந்த வரியில் எந்தப் பாடம் என்பதை மகளிடம் கேட்டு மனத்தில் பதித்து வைத்திருந்தார். நான்காவது வரியில் விரலை வைத்து, "இது சரித்திரங்க ஐயா, இதுல எங்க பாப்பா 'ஏ' வாங்கியிருக்கு" என்று நம்மிடமும் காட்டினார். விரல் சரியான வரியில்தான் இருந்தது.

இத்தகைய விழாக்களில் பேச வருவோர் வள்ளுவர் பெருமானின் மக்கட்பேறு அதிகாரத்திலிருந்து ஒரு குறளைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். எந்தக் குறள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனை நாம் இன்று சொல்லப் போவதில்லை. அந்தத் தந்தையின் விரலே அதனைச் சொல்லி விட்டது. ஒன்றை மட்டும் இடையில் குறிப்பிட விழைகின்றோம். அக்குறளில் வருபவன் மகன். இம்மண்டபத்தின் முன்வரிசையில் அமர்ந்திருப்போரை எண்ணிப் பார்த்தோம். பதினொருவரில் எழுவர் மகளிர்.

நாம் கூடியிருக்கும் இவ்வட்டாரம் சாதாரண வட்டாரமன்று. இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் ஊர், 2007-ஆம் ஆண்டு வரை பத்தாங் பெர்ஜுந்தை என்றே பெயர் பெற்றிருந்தது. அதனை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-ஆம் ஆண்டில், ஆன்ரி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். தோட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ் இருக்கின்றது. அத்துரை பின்னர் மலாயாவைப் பற்றி ஒரு புதினம் எழுதி, 1930-இல் பிரெஞ்சு நாட்டின் கோன்கூர் இலக்கியப் பரிசைப் பெற்றார். அந்நூலில் தமிழ்த் தொழிலாளர்களும் வருகின்றனர். துரை எழுதினார், உலகம் படித்தது. அதில் வந்த தொழிலாளியோ தம்மைப் பற்றி எழுதப்பட்டிருப்பதையே அறிந்திருக்க மாட்டார். எழுத்தறிவு அவருக்கு எட்டாத காலம் அது.

தோட்டத்தில் பள்ளி என்பது சட்டத்தின் கட்டாயத்தால் வந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளிக்கூடம் அமைத்துத் தரவேண்டும் என்றது. அமைத்துத் தந்தார்கள். எப்படிப்பட்ட பள்ளி என்பதை உங்கள் பாட்டன்மார் கூறக் கேட்டிருப்பீர்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல இடங்களில் அவ்வாசிரியரே கிராணியாகவோ கங்காணியாகவோ இருந்தார். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் வாசித்தவர், பகலில் பிள்ளைகளின் பெயரையும் வாசித்தார். பிள்ளைகள் ஒட்டுப்பால் பொறுக்கவும் தம்பி தங்கையரைப் பார்த்துக் கொள்ளவும் தேவைப்பட்டனர். நான்காம் வகுப்புக்கு மேல் படித்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி நிலைமை மாறலாயிற்று. 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும், 1960-ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையும், 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அடுத்தடுத்து வந்தன. 1962-இல் தொடக்கக் கல்வி இலவசமாயிற்று. அதுவரை ஆறாம் வகுப்போடு பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பி வைத்த இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு 1964-இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் தோட்டத்துப் பிள்ளையும் இடைநிலைப்பள்ளி வாயிலை மிதிக்க முடிந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து சென்றவர் பலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய்மொழியைப் பயின்று, பிறகே முதலாம் படிவத்திற்குச் சென்றனர். ஆகவே நம் பிள்ளைகளில் பலர் ஐந்தாம் படிவத்தை முடிக்கும்போது பதினேழன்று, பதினெட்டு வயதினராய் இருந்தனர். அந்த ஓராண்டை இழப்பென்று கருதி இடையில் நின்றவர்களும் உண்டு. 1975-இல் வசதி குறைந்தோர்க்குப் பாடநூல் இரவல் திட்டம் தொடங்கப்பட்டது; 2008 முதல் எல்லா மாணவர்க்கும் அது கிடைத்தது. புத்தகச் சுமையை அரசாங்கம் ஏற்றது. பேருந்துக் கட்டணமும், சீருடையும், மழைக் காலத்தில் சேறாகும் செம்மண் சாலையும் உங்கள் பங்காகவே இருந்தன.

இவ்வளவையும் கடந்துதான் இந்தப் பிள்ளைகள் இங்கே அமர்ந்திருக்கின்றனர். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து சோறு கட்டிக் கொடுத்த தாய்க்கும், மழையில் மோட்டார் சைக்கிளில் சந்தி வரை கொண்டு போய் விட்ட தந்தைக்கும் பெருமிதம் கொள்ள உரிமை உண்டு. அந்தப் பெருமிதத்தை எவரும் குறைத்துப் பேச வேண்டா. எனினும் நம் அனுபவத்தில், பிள்ளையின் வாழ்க்கை சறுக்குவது பெரும்பாலும் தேர்வு அறையில் அன்று. முடிவு வெளிவந்த நாளுக்கும் அடுத்த கல்விக்கூடத்தில் பெயர் பதியும் நாளுக்கும் இடையே உள்ள சில வாரங்களில்தான் அது நேர்கின்றது. அதனைப் பற்றிப் பேசவே இன்று வந்தோம்.

நம் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கின்றோம். நாமும் ஒரு பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தாம். நம் தந்தையார் மரம் வெட்டினார். தாயார் களை எடுத்தார். நம் தமக்கையார் ஐந்தாம் படிவத்தை நல்ல முறையில் முடித்தார். அந்த லயத்தில் ஐந்தாம் படிவம் முடித்த முதல் பெண் அவரே. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் செய்தார். நேர்முகத் தேர்வுக்கும் சென்று வந்தார். தந்தையார் அன்றே கோயிலில் அருச்சனை செய்து, லயம் முழுவதும் இனிப்பு வழங்கி விட்டார்.

அக்காலத்தில் கடிதங்கள் வீட்டுக்கு வாரா. எல்லாம் தோட்ட அலுவலகத்திற்கே வரும். அங்கிருந்து யாராவது கொண்டு வந்து தருவர். அல்லது நாமே சென்று கேட்க வேண்டும். அத்தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டா. தமக்கையாருக்கு வந்த கடிதம் அவ்வலுவலகத்தில் ஒரு பேரேட்டின் அடியில் இரண்டு வாரங்கள் கிடந்தது. எவரும் தீய எண்ணத்துடன் அதனை மறைக்கவில்லை என்றே இன்றும் நம்புகின்றோம். கவனிப்பாரில்லை, அவ்வளவுதான். கையில் கிடைத்தபோது, பயிற்சிக்குப் பெயர் பதிய வேண்டிய நாள் கடந்து ஐந்து நாள்கள் ஆகியிருந்தன.

நீங்கள் கேட்கலாம்: தந்தையார் ஏன் நாள்தோறும் சென்று விசாரிக்கவில்லை? நாமும் சிறுவயதில் அதனையே கேட்டோம். அவர் சொன்ன மறுமொழி இது: "கிராணி ஐயாகிட்ட தினமும் போய் நின்னா, மக படிச்சிட்டாங்கிற திமிருன்னு நினைப்பாங்க." மகளைப் பற்றி அவ்வளவு பெருமிதம் கொண்டவர், அந்தப் பெருமிதம் பிறருக்குத் திமிராகத் தோன்றிவிடுமோ என்று அஞ்சினார். லயத்தில் இனிப்புக் கொடுத்தவருக்கு அலுவலகப் படியேறி ஒரு கேள்வி கேட்கத் துணிவு வரவில்லை.

தமக்கையார் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்றார். தம்பிமார் இருவரின் படிப்புக்கும் அவருடைய சம்பளமே உதவிற்று. அவருடைய உழைப்பால் நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றோம். சில ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கற்பித்தோம். பின்னர் இந்தத் தகவல் பணிக்கு வந்தோம். தந்தையார் மறைந்த பின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, குடியுரிமைப் பத்திரத்தோடு அந்தக் கடிதமும் இருந்தது. உறையோடு மடித்து வைத்திருந்தார். தமக்கையார் அதனைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மீண்டும் பெட்டியிலேயே வைத்து விட்டார்.

இன்று கடிதங்கள் அலுவலகத்திற்கு வருவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். விண்ணப்பமும் கணினி வழி. விடையும் கணினி வழி. ஆனால் பேரேடு மறைந்து விட்டதாக எண்ணாதீர்கள். கடந்த ஆண்டுகளில் நாம் நேரில் கண்டவற்றைச் சொல்கின்றோம். ஒரு பையன் விண்ணப்பத்தில் கொடுத்த கைத்தொலைபேசி எண்ணுக்குப் பணம் போடாமல் விட்டதால் அந்த எண் காலாவதியாகி விட்டது. இன்னொரு பெண் மின்னஞ்சல் கடவுச் சொல்லை மறந்து விட்டாள். மற்றொரு வீட்டில் பிள்ளைக்காக விண்ணப்பித்துக் கொடுத்தவர் கணினிக் கடைக்காரர்; கடவுச்சொல் அவரிடம்தான் இருந்தது; அவர் கடையை மாற்றிக் கொண்டு போய் விட்டார். இடம் கிடைத்தவர் குறிப்பிட்ட நாளுக்குள் "ஏற்றுக் கொள்கின்றேன்" என்று பதில் தராவிட்டால் அவ்விடம் கைவிட்டுப் போகும். ஆகவே தந்தைமார்களே, இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை 'ஏ' என்பதன்று. கடவுச்சொல்லை எங்கே எழுதி வைத்திருக்கிறாய் என்று கேளுங்கள். நாள்காட்டியின் பின்புறம் எழுதி வைத்தாலும் சரியே.

இனி, எங்கே செல்வது என்னும் வினா. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு வழிகள் பல. அரசாங்கப் பள்ளியிலேயே ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். எழுதலாம், மூன்று பருவங்கள், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. செலவு மிகக் குறைவு. கடினமான தேர்வு என்று பலர் அஞ்சுகின்றனர், கடினந்தான், ஆயினும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இவ்வழியே பல்கலைக்கழகம் சென்றிருக்கின்றனர். மற்றொன்று மெட்ரிகுலேஷன். இவ்விடங்களுக்காக நம் சமுதாயம் ஆண்டுதோறும் குரல் எழுப்பி வந்ததை அறிவீர்கள். 2012-இல் இந்திய மாணவர்க்கு 1,500 இடங்கள் என அறிவிக்கப்பட்டது; பின்னர் 700 கூட்டப்பெற்று 2,200 ஆயிற்று. 2024-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில், எஸ்.பி.எம். தேர்வில் பத்து 'ஏ'வும் அதற்கு மேலும் பெற்ற மாணவர் எல்லாருக்கும், இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் வழங்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். பத்து 'ஏ' பெறாதவர் தகுதியற்றவர் என்று இதற்குப் பொருளன்று. அவர்களும் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்க வேண்டும். இவ்வட்டாரத்தில் "நமக்கெங்கே கிடைக்கப் போகிறது" என்று விண்ணப்பமே செய்யாமல் விட்டவர்களை நாம் அறிவோம். கேளாத இடம் எவ்வாறு கிடைக்கும்?

தொழில்நுட்பத்தில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்குப் பாலிடெக்னிக் இருக்கின்றது. 1969-இல் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் தொடங்கப்பெற்ற காலத்தில், வட சிலாங்கூர்த் தோட்டத்துப் பிள்ளைக்கு அது வேற்று நாடு போலத் தோன்றியிருக்கும். இன்றோ சபாக் பெர்ணம் மாவட்டத்திலேயே, சுங்கை ஆயர் தாவாரில், சுல்தான் இட்ரிஸ் ஷா பாலிடெக்னிக் இருக்கின்றது. தஞ்சோங் காராங் நெல்வயல்களைக் கடந்து, செகிஞ்சானையும் தாண்டிச் சென்றால் வந்துவிடும். விடுதியில் தங்கும் மகளைச் சனிக்கிழமை சென்று பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். தென்னமரத்திற்கு அருகே பெஸ்தாரி ஜெயாவிலேயே சிலாங்கூர்ப் பல்கலைக்கழகமாகிய யுனிசெல் வளாகம் அமைந்துள்ளது. முதல் செம்பனை நட்ட ஊரில் இன்று பல்கலைக்கழகம். அங்குக் கட்டணம் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கின்றோம்.

கட்டணம் என்றவுடன் ஓர் எச்சரிக்கை. தேர்வு முடிவு வந்த வாரத்தில் தோட்டங்களுக்கு வண்ணத் தாள்களுடன் சிலர் வருவர். "பணம் ஏதும் வேண்டா, முழுவதும் கடன், மடிக்கணினி இலவசம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பர். எல்லாரும் தீயவர் அல்லர். ஆனால் அவர்கள் விற்கும் படிப்பு, 2007-இல் அமைக்கப்பெற்ற மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் பெற்றதா என்று பாராமல் கையெழுத்து இடாதீர்கள். அங்கீகாரம் இல்லாத படிப்பில் மூன்றாண்டு கழித்தால் மிஞ்சுவது சான்றிதழன்று, கடன். 1997-இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். என்னும் உயர்கல்விக் கடன் நிதி பல்லாயிரம் குடும்பங்களுக்கு உதவியிருக்கின்றது. அதுவும் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனே என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து அமர்ந்து பேசிக் கொள்ளுங்கள்.

இவ்விடத்தில் உங்கள் மனத்தில் ஓடும் கணக்கை நாம் அறியாமல் இல்லை. 2013-இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக 900 வெள்ளி என நடப்புக்கு வந்தது. 2022 மே மாதத்தில் 1,500 ஆயிற்று. 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. பதினெட்டு வயது மகன் நாளையே ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தால் அத்தொகை வீட்டுக்கு வரும். படிக்கச் சென்றால் வருவது போக, கொடுக்கவும் வேண்டும். தந்தைக்கு அறுபதை நெருங்கும் வயது; வேலையை விட்டால் தோட்ட வீட்டையும் விட வேண்டும். இந்நிலையில் "படி, படி" என்று மேடையில் நின்று சொல்வது எளிது. கணக்குப் போடும் பெற்றோரை அறியாதவர் என்று ஏசும் பேச்சாளர்களை நாம் கேட்டிருக்கின்றோம். அத்தகைய பேச்சில் நமக்கு உடன்பாடு இல்லை. வறுமையின் கணக்கு பிழையான கணக்கன்று. அதில் சில வரிகள் மட்டும் விடுபட்டுப் போகின்றன.

விடுபடும் வரிகளில் சிலவற்றைச் சொல்வோம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் அமைந்தது. சங்க உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டா என்பதை உங்கள் தோட்டத் தலைவரிடமே கேட்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960-இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் தந்தையோ பாட்டனோ பங்கு வாங்கியிருக்கக் கூடும். அந்தப் பங்குப் பத்திரம் பழைய பெட்டியில் கிடக்கின்றதா என்று தேடிப் பாருங்கள். அச்சங்கம் உறுப்பினர்தம் பிள்ளைகளின் கல்விக்கு உதவித்தொகை வழங்கி வந்திருக்கின்றது. 2018-இல் அமைந்த மித்ரா பிரிவின் திட்டங்கள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன; ஆகையால் அயலார் சொல்வதை நம்பாமல் அந்தந்த ஆண்டு விசாரியுங்கள். டிப்ளோமாவும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைக்காக ஊழியர் சேமநிதியிலிருந்தும் பணம் எடுக்க விதி இடந்தருகின்றது. ஆனால் அது உங்கள் முதுமைக்குரிய பணம். ஏனைய கதவுகளைத் தட்டிவிட்டு, இறுதியாகத் தட்ட வேண்டிய கதவு அது. சேமநிதியை முதலிலேயே எடுத்துத் திருமண மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவர்களும் உண்டு. அதனைப் பற்றிப் பிறிதொரு நாள் பேசுவோம்.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்களை நீங்கள் அறிவீர்கள். திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்து முடித்த பின், சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அந்நாளில் அக்குடும்பத்திற்கு அது எட்டாத தொகை. அவருடைய தமக்கையார் சோஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அவ்வளையலைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்டுத் தருவதென்று கலாம் அன்றே உறுதி கொண்டதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிட்டிருக்கின்றார். அவர் குடியரசுத் தலைவரானதைப் பலரும் மேடையில் சொல்வர். நமக்கோ அந்த அடகுக் கடை வாசலில் நின்ற தமக்கையார்தாம் நினைவுக்கு வருகின்றார். காரணம் உங்களுக்குத் தெரியும்.

இளைஞர்களே, உங்களிடமும் ஒரு சொல். உங்கள் திட்டங்களைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளிடம் நாம் காணும் ஒரு பழக்கம், வெளியே நண்பரிடம் எல்லாவற்றையும் பேசிவிட்டு வீட்டில் வாய் திறவாமல் இருப்பது. "அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது" என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கின்றது. பாலிடெக்னிக் என்றால் யாது, டிப்ளோமா என்றால் யாது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் விளக்கினால் தெரிந்துகொள்வார். நான்காவது வரியில் சரித்திரம் என்று மனப்பாடம் செய்தவருக்கு இது பெரிதா? வாயிலில் நாம் கண்ட அந்தத் தந்தையிடம், மகள் அடுத்து என்ன படிக்க விரும்புகிறாள் என்று கேட்டோம். அவருக்கு விடை தெரியவில்லை. சற்று நாணி, "டாக்டருக்குப் படிக்கும்" என்றார். மகளைத் தனியே கேட்டோம். அவள் கணக்கியல் படிக்க விரும்புகின்றாள். தந்தை வருந்துவாரோ என்று இதுவரை சொல்லவில்லையாம். அம்மா, உன் பெயரை நாம் சொல்லவில்லை; ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்து செல்லும் வழியிலேயே சொல்லிவிடு.

பெற்றோரும் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும். மருத்துவரும் வழக்கறிஞரும் மட்டுமே படித்தவர் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. தோட்டத்தில் நம் முன்னோர் கண்ட படித்தவர் அவர்களே. ஆகையால் அது இயல்பே. பல் மருத்துவ உதவியாளர், நில அளவையாளர், மின்னியல் தொழில்நுட்பர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆகிய எல்லாரும் பிழைப்போடு மதிப்பும் பெறும் பணியினரே. தமிழ்ப்பள்ளி ஆசிரியரைப் பற்றி ஒன்று: இந்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல, இவ்வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகள் உட்பட, 150-க்கும் குறைந்த மாணவரைக் கொண்டவை. அங்குக் கற்பிக்க, அத்தோட்டத்தின் சேற்றை மிதித்து வளர்ந்தவரைவிடத் தக்கவர் யார்? ஆசிரியர் கல்விக் கழகங்களுக்கும் எஸ்.பி.எம். முடித்தவர் விண்ணப்பிக்கலாம். நாம் அத்துறையிலிருந்து வந்தவர். ஆதலால் சற்றே ஒருபக்கம் சாய்ந்து பேசுவதாக நீங்கள் நினைத்தால் தவறில்லை.

இப்போது முன்வரிசையில் இல்லாதவர்களைப் பற்றிப் பேச வேண்டும். இவ்விழாவுக்கு அழைப்பு அனுப்பியபோது, ஐந்து 'ஏ'க்கு மேல் பெற்றவர்க்கே பரிசு என்று ஏற்பாட்டுக் குழுவினர் முடிவு செய்தனர். அவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்கள், நிதியும் அளவானதே. ஆயினும் நாம் அதில் மாறுபடுகின்றோம், அவர்களிடமும் சொன்னோம். இத்தோட்டத்தில் இவ்வாண்டு தேர்வெழுதியோர் இருபத்து மூவர். பதினொருவர் முன்னே இருக்கின்றனர். ஏனைய பன்னிருவரில் நால்வர் மட்டும் பின்வரிசையில், கதவோரம் நிற்கின்றனர். எட்டுப் பேர் வரவில்லை. அவர்களுடைய பெற்றோரும் வரவில்லை. அந்த எட்டு வீட்டிலும் இதே ஐந்து மணிச் சோறுதான் கட்டப்பட்டது.

2013 முதல் மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்கும். ஒரு பாடத்தில் தவறியதால் சான்றிதழ் இழந்தவர், அப்பாடத்தை மட்டும் மீண்டும் எழுத வாய்ப்புண்டு. இதனை அறியாமல், எல்லாம் முடிந்தது என்று கடையில் வேலைக்குப் போன பையன்களை நாம் சந்தித்திருக்கின்றோம். 1982 முதல் பணியாற்றி வரும் ஸ்ரீ முருகன் நிலையத்தைப் போன்ற கல்வி அமைப்புகளின் வகுப்புகள் எங்கே நடக்கின்றன என்று விசாரித்தறியலாம். கையால் செய்யும் தொழிலில் ஆர்வமுடையவர்க்குத் தொழிற்பயிற்சிக் கழகங்கள் திறந்திருக்கின்றன. பற்றவைப்பு, குளிர்சாதனப் பழுது, மின்கம்பி இணைப்பு ஆகியவற்றில் மலேசியத் திறன் சான்றிதழ் பெற்ற ஓர் இளைஞர், ஏட்டுப் பட்டம் மட்டும் பெற்ற சிலரைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பதை நாம் பார்க்கின்றோம். வராத அந்த எட்டுப் பேரின் வீட்டுக் கதவெண்கள் யாரிடமேனும் இருந்தால் நம்மிடம் தாருங்கள். நாளை பெரட்டு முடிந்த பிறகு நாமே சென்று பார்ப்போம்.

இறுதியாகப் பத்திரங்கள். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ சரியாக இல்லாத பிள்ளைக்கு எந்தக் கதவும் எளிதில் திறவாது. 2011 பிப்ரவரியில் மைடஃப்தார் என்னும் பதிவு இயக்கம் நடைபெற்றபோது, தோட்டங்களிலிருந்து எத்தனை பேர் கிழிந்த தாள்களோடு வந்து வரிசையில் நின்றனர் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பின்னும் சில வீடுகளில் இக்குறை நீடிக்கின்றது. தந்தையின் பெயரில் எழுத்துப் பிழை, தாயின் அடையாள அட்டை எண் விடுபட்டது, திருமணத்தைப் பதியாமல் விட்டது என்று காரணங்கள் பல. பிள்ளை படிவம் நிரப்பும் நாளில்தான் இவை வெளிப்படுகின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைத்து வைத்தால்தான் கேடு.

மண்டபத்தின் வலப்புறம், தண்ணீர்ப் பானைக்கு அருகே ஒரு மேசை போட்டிருக்கின்றோம். நம் அலுவலர் இருவர் கணினியுடன் அமர்ந்திருப்பர். பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் உள்ளவர்களை முதலில் அழைப்போம். அவர்களுக்கே நேரம் அதிகம் தேவைப்படும். அடுத்து, கதவோரம் நிற்கும் நால்வரும் வாருங்கள். முன்வரிசைப் பிள்ளைகள் பரிசு பெற்ற பிறகு, தங்கள் கைத்தொலைபேசியையும் பெற்றோரையும் அழைத்துக் கொண்டு வரலாம். கடவுச்சொல் மறந்தவர்கள் இன்றே சொல்லிவிடுங்கள். தேநீர் பின்புறத்தில் இருக்கின்றது. நாம் இரவு பத்து மணி வரை இங்கிருப்போம்.